ஏலத்துக்கு வந்த தேன்

ஓரகத்தி ஃபீபியைப் பார்த்தால் பொன்மலருக்கு வயிறு எரியும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பிரயோஜனமில்லை, ஊருக்கே தெரிந்த சங்கதி. ஒடுகத்தூரிலிருந்து மலைப்பக்கம் போகிற பஸ்ஸில் கடைசி நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.

ஒரே மனையில் இரண்டு வீடு, நடுவில் கிளுவை வேலி. இந்தப் பக்கம் அண்ணன் ஐசக்கும் அவர் பெண்சாதி பொன்மலரும். அந்தப் பக்கம் தம்பி ஜோசுவாவும் அவன் பெண்சாதி ஃபீபியும். வேலிக்கு இந்தப் பக்கம் ஆறு தேன்பெட்டி, அந்தப் பக்கம் பதினாறு. ஒரு பொம்பளைக்கு வயிறு எரிய இதுவே போதும். பொன்மலருக்கு இது போக இன்னும் இரண்டு மூன்று இருந்தது.

தேன்பெட்டியில் முதலில் கை வைத்தவள் பொன்மலர்தான். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் பதினான்கு வருஷம் ஷூவின் மேல்தோலான அப்பர் தைத்தவள். விடிகாலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் வரும், திரும்பி வந்து இறங்க ராத்திரி ஏழரை ஆகும். ஆர்டர் கம்மியாகி அவள் லைனை மூடினபோது கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்து, மகளிர் குழு மூலமாக ஐந்து இத்தாலியன் தேனீப் பெட்டி எடுத்தாள். தேனீயைக் கண்டு ஊரே ஓடினபோது முகத்தில் கொசுவலைத் துணியைக் கட்டிக்கொண்டு தைரியமாகப் பெட்டியைத் திறந்தவள் அவள். மறு வருஷம் ஃபீபியும் எடுத்தாள். மூன்றாம் வருஷம் ஃபீபியிடம் பதினாறு. இது என்ன நியாயம் என்று பொன்மலர் ஆண்டவரையே கேட்டிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கண்ணை மூடிக்கொண்டு.

இதற்கு நடுவில் குழுவில் ஒரு நோட்டு சுற்றி வந்தது. விரிஞ்சிபுரத்தில் தேனீ வளர்ப்பு பற்றி இரண்டு நாள் பயிற்சி, வருகிறவர்கள் பேர் எழுதுங்கள் என்றார்கள். நோட்டு பொன்மலர் கைக்கு வந்தபோது முதல் வரியிலேயே ஃபீபியின் பேர் அழகான கையெழுத்தில் உட்கார்ந்திருந்தது. எனக்கு இடுப்பு வலி, நான் வரலை என்று சொல்லி நோட்டைத் தள்ளிவிட்டாள். அந்த இரண்டு நாளும் இடுப்பில் ஒரு வலியும் இல்லை.

அப்புறம் போன வருஷத்து அறுப்பின் பண்டிகை. விளைச்சலில் முதல் பலனைக் கோயிலுக்குக் கொண்டுபோய் வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் அங்கேயே ஏலம் விடுவார்கள். பூசணி, வாழைத்தார், சேவல், வேர்க்கடலை மூட்டை, கேக், முறுக்கு, எல்லாம் ஏலத்துக்கு வரும். ஒரு பூசணிக்காய்க்கு அண்ணனும் தம்பியும் போட்டி போட்டு விலையை ஏற்றுவார்கள், கோயில் முழுக்கச் சிரிப்பாக இருக்கும். பொன்மலர் தன் தேனைக் கழுவிக் காயவைத்த பிராந்தி பாட்டிலில் ஊற்றிக் கொண்டுபோனாள். தேன் விற்கிறவர்கள் காலம் காலமாக அப்படித்தான் விற்கிறார்கள், அவள் அதில் ஒன்றும் யோசிக்கவில்லை. ஏலம் விடுகிற பிரேம்நாத் வாத்தியார் பாட்டிலைத் தூக்கிக் காட்டினதும் பின்வரிசைப் பையன்கள் கைதட்டி விசில் அடித்தார்கள். அடுத்து ஃபீபியின் பாட்டில் வந்தது. அகல வாய்க் கண்ணாடி, தங்க நிற மூடி, முருங்கைப்பூ படம் போட்ட லேபிள். அதற்கு வந்த விலை பொன்மலரின் பாட்டிலைப் போல ஐந்து மடங்கு.

அந்த லேபிளைச் செய்து கொடுத்தவன் நெல்வின். பொன்மலரின் ஒரே மகன், வேலூரில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படிக்கிறவன். போனில் கேட்டதற்கு, சித்தி கேட்டாங்க, பண்ணிக் குடுத்தேன், நீ கேக்கலியே என்றான்.

இதுதான் அடியில் கிடந்த முள். அவள் ஷூ கம்பெனிக்குப் போன வருஷங்களில் நெல்வினுக்கு மூன்று வயதிலிருந்து சோறு ஊட்டினதும், தலை வாரினதும், ஸ்கூலுக்கு இழுத்துக்கொண்டு ஓடினதும் ஃபீபி. அவளுக்குக் குழந்தை இல்லை. பெத்தவள் வீடு திரும்பும்போது பிள்ளை சித்தி மடியில் தூங்கிப்போயிருக்கும். தூக்கினால் சிணுங்கும், சித்தி என்றுதான் சிணுங்கும். இன்றைக்கும் அவன் போன் முதலில் வேலிக்கு அந்தப் பக்கம்தான் அடிக்கும். இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை வந்தால் பொன்மலர் கடைசியாக எடுத்து வீசுவது ஒரே வார்த்தைதான். "பெத்தவ நானு" என்பாள். அதோடு ஃபீபி உள்ளே போய்விடுவாள். ஜெயித்துவிட்ட சந்தோஷம் பொன்மலருக்குச் சோறு இறங்குகிற வரைக்கும்கூட நிற்காது.

இந்த வருஷம் பண்டிகைக்கு முன்னாலேயே அவள் சொல்லி வைத்துவிட்டாள். தண்ணீர்க் குழாயடியில், ரேஷன் கடையில், குழுக் கூட்டத்தில் சொன்னாள். இந்தத் தபா என் பாட்டில் எவ்ளோக்குப் போகுதுன்னு பாருங்க. வேலூர் போய் அகல வாய் பாட்டிலாகவே வாங்கி வந்தாள். முருங்கை நன்றாகப் பூத்திருந்தது, மேலடுக்கில் தேன் அடை கனத்துத் தொங்கியது. அந்த நேரம் பார்த்துப் பெட்டிகளுக்குச் சீக்கு வந்தது.

முதலில் இரண்டு பெட்டியின் வாசலில் தேனீக்கள் தரையில் ஊர்ந்தன. பறக்கப் பார்த்து விழுந்தன. ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தால் இறக்கை சுருங்கிக் கசங்கிக் கிடந்தது. தேனீக் குஞ்சு வளர்கிற புழு அறையை ஈர்க்குச்சியால் கிளறினால், வெள்ளைப் புழுவின் மேல் செம்பழுப்பாக ஒரு பொட்டு. பொட்டு நகர்ந்தது. உண்ணி. நாய்க்கும் மாட்டுக்கும் வருவது தேனீக்கும் வருமா என்று பொன்மலர் அதையே வெறித்துப் பார்த்தாள். நான்கு நாளில் ஆறு பெட்டியிலும் அதே கதை. வேலிக்கு அந்தப் பக்கம் பதினாறு பெட்டியும் கல்யாண வீடு மாதிரி இரைந்துகொண்டிருந்தன.

பத்தடி நடந்து வேலியருகே போய், ஏய் சின்னவளே, இது இன்னான்னு வந்து பாரு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் முடிந்தது. கேட்க வாய் வரவில்லை. ஐசக் நான்கு தடவை சொல்லிப் பார்த்தார். அவளாண்ட போய் நிக்கிறதுக்கு ஆறு பொட்டியும் சாவட்டும் என்றாள். சொல்லிவிட்டு ராத்திரி படுத்துக்கொண்டு அழுதாள், ஏனென்றால் சாகக்கூடாது என்று அவளுக்கு அவ்வளவு ஆசை.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. தை மாசத்தில் ஒரு குளிர்ந்த விடிகாலை. துணி காயப்போட வந்தவள் வேலி இடுக்கில் பார்த்தாள். பார்த்தாள் என்ன, தினமும் பார்க்கிறவள்தான். ஃபீபி கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நனைத்த அட்டைத் துண்டு ஒன்றை வைத்து மூடிக்கொண்டு போனாள். காற்று இந்தப் பக்கம் திரும்பினபோது மூக்கில் சுருக்கென்று ஒரு நெடி ஏறியது. அது பொன்மலருக்குப் பழகின நெடி. இருபத்தொரு வருஷமாக அவள் துவைக்கிற ஐசக்கின் சட்டையில் வருகிற நெடி.

ஐசக் தோல் பதனிடுகிற டேனரியில் கலர் டிரம் ஓட்டுகிறவர். மரத்தில் செய்த ஆள் உயர டிரம்முக்குள் தோலும் தண்ணீரும் சாயமும் போட்டுச் சுழற்றுவார்கள். சாயம் தோலில் பிடித்து நிற்கக் கடைசியில் ஃபார்மிக் ஆசிட் கொடுப்பார்கள். அதுக்கு ஒரு முறை உண்டு. மொத்தமாக ஊற்றக் கூடாது. பத்துக்கு ஒன்று தண்ணீரில் கலந்து, கால் மணிக்கு ஒரு தபா, மூன்று ஃபீடாக, அதாவது மூன்று தவணையாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஃபீடுக்கும் அப்புறம் டிரம் கதவை மூடி ஓட விட வேண்டும். ஐசக் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

ஆக, சின்னவளின் ரகசியம் இதுதான். என் புருஷன் தினம் கையில் புழங்குகிற சரக்கை வைத்து இவள் பதினாறு பெட்டியைக் காப்பாற்றியிருக்கிறாள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொன்மலருக்கு அப்படித்தான் தோன்றியது. பயிற்சிக்கு வாக்கா, ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போலாம் என்று ஃபீபி மூன்று தடவை கூப்பிட்டது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஐசக் டேனரி ஸ்டோர்கீப்பர் இஷ்தியாக் அகமது பாயிடம் கேட்டு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் வாங்கி வந்தார். பாய் பாட்டிலின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் சரக்கின் வீரியம் 85 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். ரொம்ப பேஜார் சரக்கு, புள்ளைங்க கைக்குப் போவாம வெய்யி தோஸ்த் என்று சொல்லித்தான் கொடுத்தாராம். பத்துக்கு ஒன்று கலக்கணும், மூன்று ஃபீடு, கதவை மூடிடணும் என்று ஐசக் சொல்லிக் கொடுத்தார். தேன்பெட்டிக்கு இது சரியா என்று அவருக்கே உள்ளுக்குள் சந்தேகம். சின்னவள ஒரு வார்த்த கேளேன் என்று இழுத்தார். அவள் பார்த்த பார்வையில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பண்டிகைக்கு எட்டு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை உச்சிவெயிலில் பொன்மலர் வேலையை ஆரம்பித்தாள். புரட்டாசி பிறந்தும் வெயில் தணியவில்லை, ஓட்டு வீட்டுக்குள் உட்கார முடியாத காய்ச்சல். ஃபீபி கோயில் துப்புரவு வேலைக்குப் போயிருந்த நேரம் அதுதான். பத்துக்கு ஒன்று தண்ணீர் என்பதை யோசித்துப் பார்த்தாள். அவ்வளவு தண்ணீர் விட்டால் உண்ணி எங்கே சாகும்? சின்னவள் வைத்த மருந்து வேலி தாண்டி மூக்கைப் பிடித்ததே, அது தண்ணீர் விட்ட சரக்கா? தண்ணீரே கலக்கவில்லை. பழைய ஷூ பெட்டி அட்டையைக் கிழித்து நனைத்து ஒவ்வொரு பெட்டியிலும் வைத்தாள். கால் மணி கழித்து இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. மேலடுக்கில் தேன் அடை அப்படியே இருந்தது. அதை எடுத்து வைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லக்கூடிய ஆள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தாள். கடைசியாக டிரம் கதவு மாதிரி, ஆறு பெட்டியின் வாசலையும் ஈரத் துணி வைத்து அடைத்தாள்.

உள்ளே இரைச்சல் பெரிதாகக் கேட்டது. மருந்து வேலை செய்யுது என்று நினைத்தாள். கண் எரிந்தது, இருமினாள், புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் குறைந்தது. அதையும் நல்லதுக்கு என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் துணியை எடுத்தபோது முதல் பெட்டியிலிருந்து தேனீ வரவில்லை. மூடியைத் திறந்தாள். அடியில் கட்டைவிரல் உயரத்துக்குச் செத்துக் குவிந்து கிடந்தன, பதநீரைத் தெளியவைத்து அடியில் வழித்த கசண்டு மாதிரி ஒரே பழுப்பு. புழு அறையில் புழுக்கள் கருத்துச் சுருங்கியிருந்தன. இரண்டாவது பெட்டியும் அப்படியே. மூன்றாவதில் மிச்சமிருந்தவை துணியை எடுத்ததும் புகை மாதிரி கிளம்பி மலைப்பக்கம் போய்விட்டன, திரும்பவில்லை. ஆறாவது பெட்டி நாவல் மர நிழலில் இருந்தது, அதன் பலகையில் ஒரு விரிசல். அதில் மட்டும் பாதிக் கூட்டம் உயிரோடு இருந்தது. ராணியைத் தேடினாள். அடிப்பலகையில் மற்றவற்றோடு கிடந்தது, நீளமாக, காலை மடக்கிக்கொண்டு. அதைப் பொறுக்கி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். ஏன் முடிந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஐசக் வந்து ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தார். இரண்டு பேரும் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் ஃபீபி வீட்டில் ஜோசுவா எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது. நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று பொன்மலருக்குப் பட்டது.

ஆனால் மேலடுக்கில் தேன் இருந்ததே. மறுநாள் அதைப் பிழிந்தாள். நல்ல நிறம், நல்ல கனம். வெள்ளைத்துணியில் வடிகட்டி அகல வாய் பாட்டிலில் ஊற்றி ஜன்னலில் வைத்தால் வெளிச்சம் ஊடுருவியது. மூடியைத் திறந்து முகர்ந்தால்தான், ஒரு கணம், மூக்கின் நுனியில் சுருக்கென்று ஏறியது. முருங்கைப்பூவின் காரம் என்று சொல்லிக்கொண்டாள். ஐசக் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். அப்படியே முற்றத்தில் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"டிரம் கதவத் தொறந்தா வர்ற வாசன வருது பொன்னு. இத குடுக்காத."

"எனக்கு ஒண்ணும் வர்ல."

"அது நம்ம வயித்துக்கு ஆன சரக்கு இல்ல. தோலுக்கு ஆனது. அந்த டேனரி கேன்ல முன்னாடி இன்னா இருந்துச்சோ, யாருக்குத் தெரியும்? ஒருத்தர் புள்ளைக்குக் குடுத்துட்டா இன்னா பண்ணுவ?"

அவள் பாட்டிலின் மூடியை இறுக்கினாள். "அவ பாட்டில் மேசைல நிக்கும், என்னுது நிக்காது. ஊர்ல எல்லாரும் எங்கடி உன்னுதுன்னு கேப்பாங்க. நீ பதில் சொல்றியா?"

பொட்டி செத்ததை அவள் யாருக்கும் சொல்லவும் விடவில்லை. அந்த வாரம் முழுக்கக் காலையில் எழுந்து, வழக்கம்போலக் காலிப் பெட்டிகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள், வேலிக்கு அந்தப் பக்கம் தெரியட்டும் என்று.

பண்டிகை ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்து வழிந்தது. பீடத்துக்கு முன்னால் கரும்பும் சோளத்தட்டும் கட்டி, மேசையில் பண்டங்களை அடுக்கியிருந்தார்கள். இரண்டு பாட்டிலும் பக்கத்துப் பக்கத்தில். முன்னால் பாயில் சபை நடத்துகிற விடுதிப் பிள்ளைகள் முப்பது பேர் எண்ணெய் வைத்துத் தலை வாரி உட்கார்ந்திருந்தார்கள். பொன்மலரின் பக்கத்தில் குழுத்தலைவி தனகோடி உட்கார்ந்திருந்தாள். உன்னுது நெறம் ஜாஸ்திடி என்றாள். பொன்மலருக்கு அந்த நிமிஷம் எல்லாம் மறந்துபோய் மனசு குளிர்ந்தது.

பிரேம்நாத் வாத்தியார் அவள் பாட்டிலைத்தான் முதலில் தூக்கினார். போன வருஷத்து பிராந்தி பாட்டிலைச் சொல்லி ஒரு கிண்டல் செய்துவிட்டு ஏலத்தைத் தொடங்கினார். தபால்காரர் கேட்டார், மில்லுக்காரர் கேட்டார், அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஃபீபி. மில்லுக்காரர் ஏற்றினார், ஃபீபி ஏற்றினாள். என் சரக்கைக் காசு கொடுத்து வாங்கித் தன் பெருமையைக் காட்டுகிறாள் பார் என்று பொன்மலருக்குக் காது சூடேறியது. அதே சமயம் விலை ஏறஏற உள்ளுக்குள் தித்தித்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். போன வருஷம் ஃபீபியின் பாட்டிலுக்கு வந்த விலையை அது தாண்டியது. மில்லுக்காரர் கையை விரித்துவிட்டார். மூன்று தரம் சொல்லியாயிற்று.

ஃபீபி எழுந்து போய்ப் பாட்டிலை வாங்கினாள். "எங்க அக்கா தேனு. விடுதிப் புள்ளைங்களுக்குக் குடுத்துடறேன் வாத்தியாரே, காலைல ரொட்டிக்குத் தொட்டுக்கட்டும்" என்றாள். வாத்தியார் அப்போதே மூடியைத் திறந்து ஆளுக்கு ஒரு சொட்டு கொடுக்கலாம் என்று ஸ்பூன் கேட்டார். பாயில் இருந்த பிள்ளைகள் முட்டி போட்டு எழுந்து கையை நீட்டினார்கள்.

பொன்மலர் எழுந்துவிட்டாள்.

"குடுக்காதீங்க" என்றாள். "அந்தத் தேனு வேணாம்."

பின்வரிசையில் யாரோ, ஓரகத்தி வாங்கிட்டா பொறுக்கலடா என்றார்கள். தனகோடி அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். ஏன்டி, இங்கியுமா, உக்காரு என்றாள். ஐசக் ஆண்கள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார். எல்லார் முகத்திலும் ஒரே விஷயம் எழுதியிருந்தது, பொறாமைக்காரி. அவள் பிள்ளைகளின் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஃபீபி மூடியைத் திறந்து முகர்ந்தாள். அவள் முகம் மாறியதைப் பொன்மலர் ஒருத்திதான் பார்த்தாள். மாறின முகத்தை அடுத்த நொடியே சரிசெய்துகொண்டு ஃபீபி சிரித்தாள்.

"அக்கா சொல்றது சரிதான் வாத்தியாரே. லேசா புளிச்சிருக்கு, தண்ணிப் பதம் சேந்துடுச்சி. எனக்குக்கூட போன மாசம் அப்படி ஆச்சு. புள்ளைங்களுக்கு என் பாட்டில ஒடைங்க. நான் கேட்ட வெலய நான் கட்டிடறேன்."

கோயிலே ஒரு பெருமூச்சு விட்டது. ஆஹா என்றார்கள். என்ன குணம், பாத்தியா, ஓரகத்திய வுட்டுக் குடுக்கலயே என்றார்கள். பாஸ்டர் கைதட்ட ஆரம்பித்தார், எல்லாரும் தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலில் பொன்மலருக்குத் தப்பித்துவிட்ட நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். தேனையும் எடுத்துக்கொண்டாள், பிள்ளையையும் எடுத்துக்கொண்டாள், இப்போது என் தப்பையும் எடுத்து மூடி அதிலும் நல்ல பேர் வாங்குகிறாள். இதையும் இவளுக்கே விட்டுவிடுவதா? முடியவே முடியாது.

"புளிப்பெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள் பொன்மலர், கைதட்டலுக்கு மேல் கேட்கிற மாதிரி. "பொட்டிக்கு உண்ணி வந்துச்சி. டேனரி ஆசிட்ட வெச்சேன், மேல தேன் அட இருக்கும்போதே வெச்சேன், கதவ மூடிட்டேன். அஞ்சு பொட்டி போச்சு. அவள கேட்டிருந்தா சொல்லியிருப்பா. கேக்கக் கூடாதுன்னு நானே பண்ணேன். அந்த பாட்டில் விஷம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் கொண்டாந்து வெச்சேன்."

அதற்கப்புறம் என்ன செய்வது என்று கோயிலில் யாருக்கும் தெரியவில்லை. வாத்தியார் ஸ்பூனைக் கையில் பிடித்தபடி நின்றார். ஒரு சேவல் மட்டும் மேசைக்கடியில் கூவியது. கடைசியில் வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்தது வாழைத்தாரு என்றார்.

வெளியே வந்தபோது நான்கைந்து பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சபையில எழுந்து ஒத்துக்கிறதுன்னா சும்மாவா, நல்ல சாட்சிம்மா என்று பாஸ்டரம்மா கண் கலங்கினாள். எதற்காகச் சொன்னேன் என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது? அதைச் சொன்னால் பிடித்த கையை உதறிவிடுவார்கள்.

வீட்டுக்குப் போகிற சந்தில் ஃபீபி அவளை எட்டிப் பிடித்தாள்.

"நான் மறைச்சது உனக்குப் புடிக்கல, இல்லக்கா?"

"புடிக்கல."

"தெரியும்" என்றாள் ஃபீபி. பிறகு, "எந்தப் பொட்டி உசுரா இருக்குது?" என்று கேட்டாள்.

சாயங்காலம், தேன்பெட்டி வந்ததிலிருந்து முதல் தடவையாக, ஃபீபி வேலியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். மீதித் தேனையும் அடையையும் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னாள். வெளியில் கொட்டினால் தன் தேனீயெல்லாம் வந்து மொய்த்துச் சாகும் என்றாள். இவள் தேனீ மேல் இவளுக்கு எவ்வளவு கரிசனம் என்று பொன்மலர் நினைத்துக்கொண்டே வெட்டினாள். காலிப் பெட்டிகளைக் கழுவி வெயிலில் போட வைத்தாள். மருந்து வைப்பதானால் தேன் எடுத்து முடித்த பிறகு, தை மாசக் குளிரில், தண்ணீர் கலந்து அளந்து, வாசலை நன்றாகத் திறந்து விட்டு வைக்க வேண்டும் என்று சொன்னாள். டேனரிச் சரக்கு ஆகவே ஆகாது, அதற்கென்று சுத்தமானது விற்கிறார்கள். எல்லாம் சொன்னாள், வாத்திச்சி மாதிரி சொன்னாள். பொன்மலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள், ஆனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

அப்புறம் ஃபீபி தன் பெட்டியிலிருந்து ஒரு அடைச் சட்டத்தை எடுத்து வந்தாள். தேனீக்களை மெதுவாகத் தட்டிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். அறைக்கு ஒன்றாக அடியில் ஊசி முனை அளவு முட்டைகள் நின்றன. ராணி இல்லாத கூட்டத்துக்குள் இதை வைத்தால், அதுகளே ஒரு முட்டையைத் தேர்ந்தெடுத்துப் பெரிய அறை கட்டிப் பாலூட்டி ராணியாக வளர்த்துக்கொள்ளும் என்றாள். பொன்மலருக்கு வேண்டாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆறாவது பெட்டிக்குள் மிச்சமிருந்தவை தாயில்லாத குரலில் முனகிக்கொண்டிருந்தன. கையை நீட்டிச் சட்டத்தை வாங்கினாள்.

அதற்கப்புறம் ஒரு மாசம் அவள் வேறெதையும் கவனிக்கவில்லை. ஃபீபி சொன்னபடி பத்து நாள் பெட்டியைத் திறக்காமல் இருந்தாள், அது பெரிய தண்டனை. சாயங்காலம் சர்க்கரைத் தண்ணீர் வைத்தாள். எறும்பு ஏறாமல் கால்களுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் மாற்றினாள். மழை பெய்த மூன்று நாளும் தன் குடையைப் பெட்டிக்குக் கட்டிவிட்டு நனைந்துகொண்டு கடைக்குப் போனாள். ஐசக் டேனரியிலிருந்து வந்ததும் குளித்துச் சட்டை மாற்றாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு.

ஐப்பசியில் ஒரு காலை. சட்டத்தைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். நடுவில், கூட்டம் விலகி வழிவிட, நீளமாக ஒன்று நிதானமாக நடந்துபோனது. அது நின்று வந்த அறைகளில் ஊசி முனை முட்டைகள். சட்டத்தை உள்ளே வைத்து மூடிவிட்டு அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்து போனை எடுத்தாள். நெல்வினுக்கு அடித்தாள். சித்தி முந்திக்கொள்வதற்குள் அடித்தாள்.

"ராணி முட்ட வெச்சிடுச்சிடா."

"சூப்பர்ம்மா. சித்தி பாத்தாங்களா?"

"அவளுக்கு இன்னும் தெரியாது. உனக்குத்தான் மொதல்ல சொல்றேன்."

"ஆனா அது சித்தி பொட்டி முட்டதான? அப்போ சித்தியோட ராணிதான்" என்று அவன் விளையாட்டாகச் சீண்டினான்.

பொன்மலருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "முட்ட அவளுதா இருந்தா இன்னாடா? முட்ட வெச்சிட்டா ஆச்சா? பால் குடுத்து, காவல் காத்து, இத்தன நாளு வளத்தது எங்க பொட்டி. வளத்தவங்களுதுதான் அது" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. பதினேழு வருஷமாக இதே வேலியில் நின்றுகொண்டு, பெத்தவ நானு, பெத்தவ நானு என்று கத்தின வாய்.

போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். கட்டாகவில்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"சரிம்மா" என்றான் அவன் கடைசியில்.

"வெய்யி. சாயங்காலம் அவளுக்கும் ஒரு போன் போடு" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அந்தப் பக்கம் ஃபீபி முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ ஒரு பெட்டிக்குள் குனிந்திருந்தாள். அவள் தலையில் இத்தனை நரை எப்போது வந்தது என்று பொன்மலர் பார்த்தாள். தினமும் வேலி இடுக்கில் பார்க்கிறவள், இதை மட்டும் பார்க்கவில்லை.

எழுந்து, புடவை மண்ணைத் தட்டிக்கொண்டு வேலியருகே போனாள்.

"ஏய் ஃபீபி" என்று கூப்பிட்டாள். "வந்து உன் பேத்திய பாரு. உன் ராணிய விட ஒரு நூல் பெருசா இருக்குது."